வலையில் ஆவுளியா மாட்டினால் முதல் ஐந்து நிமிடம்

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், கதை அப்புறம். வலையில் ஆவுளியா, அதாவது கடற்பசு, மாட்டியிருக்கிறது என்று தெரிந்த உடனே செய்ய வேண்டியது ஒன்றுதான்: அதன் மூக்கைத் தண்ணீருக்கு மேலே கொண்டுவர வேண்டும். வலையைக் காப்பாற்றுவது, பக்கத்துப் படகைக் கூப்பிடுவது, செல்போனை வெளியே எடுப்பது, வனத்துறைக்குச் சொல்வது எல்லாமே அதற்குப் பிறகு.

ஆவுளியாவுக்குச் செவுள் கிடையாது. நம்மைப் போல நுரையீரலில் காற்றை வாங்கி, குட்டி போட்டு, பால் கொடுக்கிற பிராணி. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு போய்த்தான் அடியில் மேய்கிறது. வலை அதைக் கீழே பிடித்து வைத்துவிட்டால் மூச்சு முட்டிச் செத்துப்போகும். கண்ணில் படுகிற காயம் ஒன்றும் இருக்காது. வலையில் செத்துக் கிடக்கிறதைப் பார்த்துவிட்டு "நோயா இருக்கும்" என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நோயெல்லாம் இல்லை, காற்று கிடைக்கவில்லை.

நான் மணமேல்குடிக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர்க்காரன். நண்டு வலை, கணவாய், காரல் என்று நாட்டுப்படகுத் தொழில்தான் எனக்குத் தெரிந்தது. இப்போது முட்டி ஒத்துழைப்பதில்லை என்பதால் பாதி நாள் கரையில் உட்கார்ந்து வலை பின்னுகிறேன். சேதுபாவாசத்திரம், மல்லிப்பட்டினம், கட்டுமாவடி, கோட்டைப்பட்டினம், மீமிசல் என்று பாக் விரிகுடா ஓரமாக வலை போடுகிற சின்ன வயதுப் பையன்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். அதிராம்பட்டினத்திலிருந்து அம்மாபட்டினம் வரைக்குமான கடலில் 448 சதுர கிலோமீட்டரைத் தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் கடற்பசுப் பாதுகாப்பகம் என்று அறிவித்தது. இந்தியாவிலேயே ஆவுளியாவுக்கென்று அறிவித்த முதல் காப்பகம் அது. காப்பகம் என்றதும் படகை நிறுத்தச் சொல்லிவிடுவார்களோ என்று ஊரில் ஒரு பேச்சு ஓடியது. நாட்டுப்படகில் போய்த் தொழில் செய்வது நிற்கவில்லை, இன்றைக்கும் போய்க்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் அந்தக் கடலில் வனத்துறை ரோந்துப் படகைவிட நம் படகுதான் அதிக நேரம் இருக்கிறது. ஆவுளியா மாட்டுவதும் நம் வலையில்தான். அதனால் அது பிழைப்பதும் பிழைக்காததும் பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கிறது.

அது ஆவுளியாதானா?

தூரத்தில் முதுகு தெரிந்தால் பலரும் ஓங்கில் (டால்பின்) என்று நினைத்துவிடுகிறார்கள். ஓங்கிலுக்கு முதுகில் துடுப்பு நிற்கும், வேகமாகப் போகும், துள்ளும். ஆவுளியாவுக்கு முதுகுத் துடுப்பு கிடையாது, துள்ளவும் துள்ளாது. மெதுவாக மேலே வரும், மூக்கு நுனியை மட்டும் காட்டும், "புஸ்" என்று ஒரு சத்தம், அப்புறம் முதுகு வளைந்து உள்ளே போய்விடும். முதுகுத் துடுப்பே இல்லாத ஒரு சின்ன ஓங்கில் இனமும் நம் கடலில் உண்டு. அது ஆள் உயரத்தைத் தாண்டாது, தலை உருண்டையாக இருக்கும். வளர்ந்த ஆவுளியா மூன்று மீட்டர் வரை நீளும். முகம் கீழ்நோக்கி மடங்கி, மேலுதடு தடித்து, சுற்றிலும் முள்ளுமுள்ளாக மயிரோடு இருக்கும். வால் ஓங்கிலுடையது போலவே இரண்டாகப் பிரிந்து படுக்கையாக இருக்கும். நாம் கவனிக்க வேண்டியது மூக்கை. மூஞ்சியின் மேல்பக்கம் இரண்டு துவாரம், தண்ணீருக்குள் போனால் தானாக மூடிக்கொள்ளும், வெளியே வந்தால் திறக்கும். அது திறந்து மூடுகிற வரைக்கும் உயிர் இருக்கிறது.

வலையில் மாட்டியிருப்பது சின்ன ஓங்கிலாகவே இருந்தாலும் செய்கிற காரியம் ஒன்றுதான். அதுவும் மூச்சு விடுகிற பிராணி, அதற்கும் அதே சட்டம். எனவே "இது எது" என்று யோசித்துக்கொண்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

அறுக்கிற முறை

பெரிய மீன் மாட்டினால் கை தானாகவே வலையை இழுக்கும். பழக்க தோஷம். ஆவுளியா விஷயத்தில் அந்த இழுப்புதான் ஆபத்து. இரண்டு பக்கமிருந்தும் இழுக்க இழுக்க வலை அதன் கழுத்தில், கைத்துடுப்பில், வாலின் இடுக்கில் இறுகும். அது மிரண்டு உருளும், உருண்டால் இன்னும் சுற்றிக்கொள்ளும்.

இழுப்பதை நிறுத்திவிட்டு எஞ்சினை அணையுங்கள். மிதவைக் கயிற்றைப் பிடித்தபடி மெதுவாக அதன் பக்கத்தில் போங்கள். வலை அதைக் கீழே அழுத்துவது ஈயக்குண்டு கோத்த அடிக்கயிற்றின் பாரத்தால்தான். அதனால் முதல் வெட்டு அடிக்கயிற்றில். பிராணிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று அறுத்துவிட்டால் பாரம் கழன்று, அது தானே மேலே வந்துவிடும். மேலே வந்து இரண்டு மூன்று மூச்சு வாங்கட்டும். அந்த நேரம் யாரும் எதுவும் செய்ய வேண்டாம், கத்த வேண்டாம். பயத்தினாலேயே சாகக்கூடிய பிராணி அது. துரத்தி, மிரட்டி, ரொம்ப நேரம் போராட வைத்தால் உடம்பிலுள்ள சதை கெட்டு, விட்டபிறகு இரண்டொரு நாளில் செத்துப்போகிற ஆபத்தும் இருக்கிறது. உயிரோடு விட்டுவிட்டோமே என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம்.

அப்புறம் படகின் ஓரத்தில் சேர்த்துப் பிடிக்க வேண்டும். ஒருவர் தலைப்பக்கம். கித்தானோ, கைலியோ, எது கையில் இருக்கிறதோ அதைத் தாடைக்கு அடியில் கொடுத்து, மூக்கு மேலே நிற்கிற மாதிரி தாங்கிக்கொள்ளுங்கள். மூக்கின் மேல் துணி விழக்கூடாது. இன்னொருவர் கத்தி. வலைக்கும் தோலுக்கும் நடுவில் விரலை விட்டு, வலையைத் தூக்கி, கத்தியின் கூர் வெளிப்பக்கம் பார்க்க அறுங்கள். தங்கூசி வலையாக, அதாவது ஒற்றை நைலான் இழை வலையாக இருந்தால் தோலுக்குள் புதைந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது, தடவிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். தலை, கைத்துடுப்பு, கடைசியாக வால். வாலை முதலில் விடுவித்தால் ஒரே அடியில் படகு ஓரத்தில் நிற்கிறவன் கை போய்விடும். வளர்ந்த ஆவுளியா முந்நூறு, நானூறு கிலோ இருக்கும். படகுக்குள் தூக்கிப் போடலாம் என்ற எண்ணமே வேண்டாம். ஃபைபர் படகு கவிழ்ந்தால் ஆவுளியாவோடு சேர்ந்து நீங்களும் வலைக்குள் போவீர்கள்.

செய்யவே கூடாத ஒன்று உண்டு: வாலில் கயிறு கட்டிக் கரைக்கு இழுத்துக்கொண்டு வருவது. பின்புறமாக இழுத்தால் தலை தண்ணீருக்குள்ளேயே இருக்கும். உயிரோடு இருந்ததைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும்போது பிணமாக்கிவிடுவோம். கரையில் அதிகாரிகளிடம் காட்டி நல்ல பெயர் வாங்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். கடலிலேயே விட்டுவிட்டு வீடியோவைக் காட்டினால் போதும்.

என் அக்கா மகன் ஒருநாள் விடியற்காலையில் போன் செய்தான். கரையிலிருந்து ரொம்பத் தூரம் இல்லை, சிக்னல் கிடைத்தது.

"மாமா, வலையில பெருசா ஒண்ணு கெடக்கு. ஓங்கில் இல்ல. முதுகுல ஒண்ணும் இல்ல."

"மூச்சு விடுதா?"

"இப்பத்தான் புஸ்ஸுன்னுச்சு."

"அடிக்கயித்த அறு."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னான்: "மாமா, வலை புதுசு."

"தெரியும்டா, நான்தானே பின்னிக் குடுத்தேன். அறு. போனை வெச்சுட்டு ரெண்டு கையாலயும் அறு."

அவன் அறுத்தான். கூட வந்த பையன் தன் கைலியை அவிழ்த்துத் தாடைக்கு அடியில் கொடுத்திருக்கிறான், அரைக்கால் சட்டையோடு கரைக்கு வந்தான். ஆவுளியாவின் இடது கைத்துடுப்புக்குப் பின்னால் வலை மூன்று சுற்று சுற்றியிருந்ததாம். கடைசிச் சுற்றை எடுக்கும்போது அது தலையைத் திருப்பி அவன் கையை மோப்பம் பிடிக்கிற மாதிரி உதட்டால் தடவியது என்று சொன்னான். அந்த உதட்டு மயிர் கோரை வேர் மாதிரி இருந்தது என்றான். விட்டபிறகு படகைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டுக் கிழக்கே போய்விட்டது. இரண்டு துண்டு வலை வீண். கத்தி கையில் இருந்தது, அதனால் அவனால் முடிந்தது. கத்தி இல்லாமல் கடலுக்குப் போகிற பையன்களும் இருக்கிறார்கள், எதற்குத்தான் போகிறார்களோ.

விட்டபிறகு உடனே எஞ்சினைத் தட்டாதீர்கள். கால் மணி நேரமாவது அங்கேயே நின்று பாருங்கள். ஒழுங்காக மேலே வந்து மூச்சு வாங்குகிறதா, ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதக்கிறதா என்று கவனியுங்கள். உடம்பில் வலைத் துண்டு ஒன்றுகூட மிச்சம் இருக்கக்கூடாது. மிச்சம் இருந்தால் அது பிராணி வளர வளர உள்ளே அறுத்துக்கொண்டே போகும்.

குட்டி இருக்கிறதா என்று பாருங்கள்

தாய் மாட்டியிருந்தால் குட்டி பக்கத்திலேயே சுற்றும். குட்டி மாட்டியிருந்தால் தாய் போகாது. குட்டி பிறக்கும்போது ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல்தான் இருக்கும், வெளிர் நிறம், பெரும்பாலும் தாயின் முதுகோரமாக ஒட்டியே நீந்தும். ஒன்றரை வருஷம்வரை பால் குடிக்கும். பால்காம்பு கைத்துடுப்பின் அக்குளில் இருக்கிறது. தாயை விட்டுப் பிரிந்த குட்டி தானாகப் பிழைக்காது. அதனால் குட்டியைத் தூக்கிப் படகில் வைத்துக்கொண்டு கரைக்கு வருவது அதைக் கொல்வதற்குச் சமம், பாசத்தோடு தூக்கினாலும் சரி. இரண்டையும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் விடவேண்டும். ஒன்றுக்கு முன் இன்னொன்று விடுபட்டுவிட்டால் அதைத் துரத்தாமல் அது திரும்பி வர இடம் கொடுங்கள்.

நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆவுளியா எழுபது வருஷம்வரை வாழக்கூடியது. ஆனால் குட்டி போடவே கிட்டத்தட்டப் பத்து வயதாக வேண்டும். வயிற்றில் சுமப்பது பதிமூன்று மாதத்துக்கு மேல். ஒரு பிரசவத்துக்கு ஒரு குட்டி, அடுத்த குட்டிக்கு மூன்று வருஷத்திலிருந்து ஏழு வருஷம் இடைவெளி. காரலும் சூடையும் வருஷா வருஷம் லட்சக்கணக்கில் முட்டையிட்டு ஈடுகட்டிவிடும். இது அப்படி இல்லை. இந்தியாவில் மன்னார் வளைகுடாவும் பாக் விரிகுடாவும் ஒரு இடம், குஜராத்தில் கட்ச் வளைகுடா, அப்புறம் அந்தமான் நிக்கோபார், இந்த மூன்று இடத்தில்தான் ஆவுளியா இருக்கிறது. மொத்தமும் சேர்த்துச் சில நூறுதான். ஒரு தாய் போனால் கணக்கு எத்தனை வருஷத்துக்குப் பின்னால் போகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

வேளா மீனுக்கு நடந்தது அதுதான். வாளைப் போல நீண்ட மூக்கும் இரண்டு பக்கமும் பல்லுமாக இருக்கும். அந்த மூக்கே வலையில் சிக்கிக்கொள்ளும். அப்பா காலத்தில் கரைக்கு வந்தது என்று கேட்டிருக்கிறோம், சில வீட்டில் அந்த மூக்கை இன்னமும் வைத்திருக்கிறார்கள். 2001-இல் சட்டம் வந்து தடை போட்டார்கள். அதற்குள் கடல் காலியாகிவிட்டது. இன்றைய பையன்களிடம் வேளா என்றால் முழிக்கிறார்கள்.

ஆமை மாட்டினால்

இது ஆவுளியாவைவிட அடிக்கடி நடக்கிற காரியம், இதில்தான் நிறையப் பேர் அவசரப்பட்டு ஒரு உயிரைத் தூக்கிக் கடலில் போட்டுவிடுகிறார்கள். நம் பக்கம் மாட்டுவது பெரும்பாலும் பேராமையும் பங்குனி ஆமையும். பேராமை கடற்புல் மேய வருவது, பங்குனி ஆமை தை மாசியில் முட்டையிடக் கரை தேடி வருவது. எப்போதாவது அழுங்காமை.

வலையில் ரொம்ப நேரம் கிடந்த ஆமை அசையாது, கழுத்து தொங்கும், பார்த்தால் செத்த மாதிரியே இருக்கும். செத்திருக்க வேண்டும் என்று இல்லை. நுரையீரலில் தண்ணீர் போய் மயங்கிக் கிடக்கலாம். அந்த நிலையில் திரும்பக் கடலில் போட்டால் நேராக அடிக்குப் போய் நிஜமாகவே செத்துவிடும். கண் ஓரத்தையும் வாலையும் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். லேசாகச் சுருங்கினாலும் உயிர் இருக்கிறது. சுருங்கவில்லை என்றாலும் கைவிடாதீர்கள்.

படகில் வயிறு கீழே இருக்கும்படி வையுங்கள். நிறையப் பேர் மல்லாக்கப் போட்டு நெஞ்சை அமுக்குகிறார்கள். அது தப்பு, மல்லாக்கப் போட்டால் உள்ளுறுப்புகள் நுரையீரலை அழுத்தும். பின்பக்கத்துக்கு அடியில் பலகையோ, மடித்த வலையோ கொடுத்து, தலையைவிடப் பின்பக்கம் அரை அடி உயரமாக இருக்கும்படி செய்யுங்கள், உள்ளே போன தண்ணீர் வாய் வழியாக வடியும். ஓட்டின் ஓரத்தைப் பிடித்து ஒரு பக்கம் கொஞ்சம் தூக்கி, அடுத்த பக்கம் கொஞ்சம் தூக்கி, மெதுவாக ஆட்டிவிடலாம். நிழலில் வையுங்கள். ஈரத்துணியை ஓட்டின் மேல் போடுங்கள், மூக்கை மூடாமல். வாளித் தண்ணீருக்குள் விடாதீர்கள். நாலு மணி நேரத்தில் எழும்பிவிடுவதும் உண்டு, ஒரு நாள் முழுக்க எடுத்துக்கொள்வதும் உண்டு. தலையைத் தூக்கி, மூச்சு விட்டு, துடுப்பை அடிக்க ஆரம்பித்த பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு, வலை இல்லாத இடமாகப் பார்த்து, தலை முன்னே போகும்படி தண்ணீரில் இறக்கி விடுங்கள். அன்றைக்குத் தொழில் முடியும்வரை எழும்பவில்லை என்றால் கரைக்குக் கொண்டுவந்து வனத்துறையிடம் ஒப்படையுங்கள். முன்கூட்டியே போன் செய்து சொல்லிவிட்டு வருவது நல்லது.

யாருக்குச் சொல்வது, என்ன சொல்வது

பயம்தான் பாதிப் பிரச்சினை. "கேஸ் போட்டுவிடுவார்கள்" என்று சொல்லிச் செத்த ஆவுளியாவைக் கல்லைக் கட்டி இறக்கிவிடுகிற வேலை நடக்கிறது. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆவுளியா முதல் அட்டவணையில் இருக்கிறது, புலி இருக்கிற அதே பட்டியல். வேட்டையாடினால், இறைச்சி வைத்திருந்தால், விற்றால் மூன்று முதல் ஏழு வருஷம் சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். இது இறைச்சிக்காகப் பிடிக்கிறவனுக்கு. தெரியாமல் வலையில் மாட்டியதை அறுத்து விட்டவர்களை வனத்துறை மேடை ஏற்றிப் பாராட்டியிருக்கிறது, ஊக்கத்தொகையும் கொடுத்திருக்கிறது. சொல்லாமல் மறைக்கும்போதுதான் நல்லவனும் திருடனைப் போல ஆகிவிடுகிறான்.

தஞ்சாவூர்ப் பக்கம் என்றால் பட்டுக்கோட்டை வனச்சரகம், எங்கள் புதுக்கோட்டைப் பக்கம் அறந்தாங்கி, ராமநாதபுரத்தில் மன்னார் வளைகுடா வன உயிரினக் காப்பாளர் அலுவலகம். இந்த எண்களை ஊர்ச் சங்கத்தில் வாங்கி எல்லாருடைய போனிலும் ஏற்றி வையுங்கள். அகால வேளையில் அலுவலகத்தில் யாரும் போனை எடுக்காமல் நான் காத்திருந்தது உண்டு. அதனால் வனக்காவலரின் நேரடி எண்ணையும் கேட்டு வாங்கிவிடுங்கள். கடலில் இருந்தே உடனடியாகப் பேச வேண்டுமென்றால் கடலோரக் காவல் குழுமம் 1093, கடலோரக் காவல்படை 1554.

சொல்லும்போது இடம், நேரம், ஆழம், என்ன வலை, உயிரோடு விட்டோமா, குட்டி இருந்ததா என்று சொன்னால் போதும். ஜிபிஎஸ் இருந்தால் அதைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் போனில் இருப்பிடத்தைச் சேமித்து வையுங்கள். வீடியோ எடுக்க வேண்டுமானால் அது மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகு, ஒரே ஒருவர், அறுத்த வலையும் தெரிகிற மாதிரி. வலைக்கு இழப்பீடு கேட்கும்போது அதுதான் ஆதாரம். அந்த வீடியோவை இடம் தெரியும்படி ஸ்டேட்டஸில் போடாதீர்கள். ஆவுளியாக் கறிக்கு ஆசைப்படுகிறவர்களும் போன் வைத்திருக்கிறார்கள்.

செத்து ஒதுங்கியிருந்தால் கை வைக்காதீர்கள். கால்நடை மருத்துவர் அறுத்துப் பார்த்தால்தான் வலையா, புரொப்பல்லரா, வேறு எதுவுமா என்று தெரியும். பல்லையோ எலும்பையோ மருந்துக்கு ஆகும் என்று எடுத்துவைக்கிற பழக்கம் சில பெரியவர்களிடம் இருக்கிறது. அது மருந்தும் இல்லை, வீட்டில் இருந்தால் வழக்கும் ஆகும். கரையில் உயிரோடு கிடந்தால் கூட்டத்தைத் தள்ளி நிற்கவைத்து, நிழல் கட்டி, தோலை ஈரமாக வைத்திருங்கள். ஊற்றுகிற தண்ணீர் மூக்குக்குள் போகக்கூடாது. துடுப்பைப் பிடித்தோ வாலைப் பிடித்தோ இழுக்காமல், அடியில் கித்தானைக் கொடுத்துத்தான் நகர்த்த வேண்டும்.

மாட்டாமல் இருக்க

அறுப்பதைவிட மாட்டாமல் பார்த்துக்கொள்வது வலைக்கும் நல்லது. ஆவுளியா மேய்கிற இடம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அது நாள் ஒன்றுக்கு முப்பது நாற்பது கிலோ கடற்புல் தின்கிறது, இலையோடு வேரையும் பிடுங்கித் தின்னும். கடல் அசையாமல் கிடக்கிற காலையில் புல் திட்டின் மேல் மெதுவாகப் போனால் அடியில் ஒரு சாண் அகலத்துக்குப் புல் இல்லாத தடம் வளைந்து வளைந்து போவது தெரியும். உழவு சால் போல இருக்கும். புதுத் தடத்தில் மண் வெளுப்பாகவும் ஓரம் கூராகவும் இருக்கும், பழைய தடத்தில் ஓரம் சரிந்து, சின்னப் புல் தளிர்த்திருக்கும். வேரோடு பிடுங்கின புல் கொத்தாக மிதந்தாலோ, ஓரிடத்தில் மட்டும் சேறு கலங்கி அந்தக் கலங்கல் நகர்ந்துகொண்டே போனாலோ, சாணி மாதிரி உருண்டை மிதந்தாலோ அது பக்கத்தில்தான் இருக்கிறது. அன்றைக்கு வலையை வேறு இடத்தில் போடுங்கள். ஓரா மீனும் கணவாயும் அங்கேதான் இருக்கிறது என்பீர்கள். இருக்கும், நாளைக்கும் இருக்கும்.

வலையில் மோசமானது கண்ணி பெரிதாக இருக்கிற திருக்கை வலை. அதைவிட மோசமானது எந்த வலையானாலும் சாயங்காலம் போட்டுவிட்டுக் கரைக்கு வந்து தூங்கி, விடிந்து போய் எடுக்கிற பழக்கம். டீசல் மிச்சம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ராத்திரி மாட்டிய ஆவுளியாவுக்கு விடியற்காலையில் கத்தி பயன்படாது. புல் திட்டின் மேல் போடுவதாக இருந்தால் வலையோடு கூட இருங்கள், நீளத்தைக் குறைத்துப் போடுங்கள், அடிக்கடி மிதவையைப் பாருங்கள். வரிசையாக நாலைந்து மிதவை ஒன்றாக அமுங்கி எழும்பினால் அது நண்டு இல்லை.

நங்கூரத்தைப் புல்லில் போடாமல் மணல் வெளியில் போடுங்கள். புல் அடர்ந்த ஆழம் குறைந்த இடத்தில் எஞ்சினைக் குறைத்துப் போங்கள். ஆவுளியாவின் முதுகில் புரொப்பல்லர் வெட்டின தழும்பு வரிவரியாக இருப்பதைப் பார்த்தால் ஏன் சொல்கிறேன் என்று தெரியும்.

விசைப்படகு கடலடியோடு இழுத்துப் போகிற வலையான இழுவை மடியைப் பற்றிச் சொல்லாமல் இதை எழுதினால் என் ஊர்க்காரர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு இழுவை போடக்கூடாது என்பது விதி. வாரத்தில் மூன்று நாள் அவர்களுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்று நாள் பிரித்திருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் வேறு. இருந்தும் ராத்திரியில் ஓரத்துக்கு வந்து இழுத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். காலையில் கரையில் ஒதுங்கியிருக்கிற புல்லைக் கையில் எடுத்துப் பாருங்கள். பழுப்பேறின இலை மட்டும் என்றால் காற்றுக்கு உதிர்ந்தது, ஒன்றுமில்லை. பச்சை இலையும், கணுக்கணுவான தண்டும், மண் ஒட்டின வெள்ளை வேருமாகப் பாய் பாயாகக் கிடந்தால் யாரோ மடி இழுத்திருக்கிறார்கள். அதைப் படம் எடுத்து, தேதி போட்டு, படகின் பதிவு எண் தெரிந்தால் அதையும் சேர்த்து மீன்வளத்துறைக்கு எழுதுங்கள். தனி ஆளாக எழுதாமல் சங்கத்தின் பெயரில் எழுதுங்கள், தனி ஆள் எழுதினால் ஊருக்குள் பகைதான் மிஞ்சும். மடிக்காரர்களிலும் நம் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், கடனை அடைக்க முடியாமல்தான் வருகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் புல்லில்தான் நண்டுக் குஞ்சும் இறால் குஞ்சும் வளர்கின்றன. புல் போனால் ஆவுளியாவுக்கு முன்னால் பட்டினி கிடக்கப்போவது நண்டு வலைக்காரன்.

கிழிந்த வலையைக் கடலில் எறிகிற வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். நைலான் மக்காது. ஆள் இல்லாமலே அது வருஷக்கணக்கில் பிடித்துக்கொண்டிருக்கும். கரையில் ஒரு மூலையைப் பிடித்து எல்லாரும் அங்கே போட்டால் பழைய வலை வாங்குகிறவர்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள்.

கடைசியாக, படகில் வைத்திருக்க வேண்டியவை. நுனி மழுங்கின, ஓரம் கூரான இரண்டு கத்தி: ஒன்று முன்னணியத்தில், ஒன்று எஞ்சின் பக்கம். கூர்நுனிக் கத்தி வேண்டாம், அது அலையில் ஆடும்போது பிராணியைக் குத்தும், இல்லையென்றால் உங்களை. இரண்டு ஆள் பிடிக்கிற அளவு கித்தான் ஒன்று. பிளாஸ்டிக் உறையில் போட்ட போன். கத்தியை வாரத்துக்கு ஒருமுறை தீட்டி எண்ணெய் தடவி வையுங்கள், உப்புக்காற்றில் துருப்பிடித்த கத்தி தங்கூசியை அறுக்காது, அதன்மேல் வழுக்கத்தான் செய்யும்.